ஆகாரக் கணக்கும் கைபேசியும்

உண்ணும் உணவை நிறுத்தும் அளந்தும் குறித்துவைக்கும் வழக்கம் கைபேசி தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே தோன்றியது. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் ரசாயனப் பேராசிரியராக விளங்கிய வில்பர் அட்வாட்டர், 1890-களில், ஒரு மனிதன் நாள்கணக்கில் உள்ளேயே தங்கி உண்டு உறங்கி உழைக்கக்கூடிய ஓர் அறையையே கலோரிமானியாக அமைத்து, அவன் தேகத்திலிருந்து வெளிப்படும் உஷ்ணத்தையும் மூச்சையும் கழிவையும் அளந்து பார்த்தார். அவ்வகைப் பரிசோதனைகளின் பயனாக, புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பு கிராமுக்கு 9 கலோரியும் நமக்கு அளிக்கின்றன என்னும் கணக்கை அவர் உலகுக்குத் தந்தார். இன்றைக்கு எந்த உணவுக் கணக்குச் செயலியைத் திறந்தாலும், அதன் வண்ணச் சக்கரங்களுக்கு அடியில் ஓடிக்கொண்டிருப்பது இந்தக் கணக்குத்தான்.

இந்த சாஸ்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. 1918-ல், நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவே படிப்படியாக வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அவருக்குப் பின் குன்னூர் ஆய்வுக்கூடத்தை நடத்திய அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை 1937-ல் வெளியிட்டார்; அந்த மரபின் தொடர்ச்சியாக, நாட்டின் ஆறு பிராந்தியங்களிலிருந்து மாதிரிகளைத் திரட்டிப் பரிசோதித்து, 528 உணவுப் பொருள்களின் சத்து விவரங்களை 2017-ல் அந்த நிறுவனம் புதிதாக வெளியிட்டது. துவரம் பருப்பில் எவ்வளவு புரதம், கேழ்வரகில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து என்று நாம் நிச்சயமாகச் சொல்ல முடிவதற்கு ஆதாரம் இத்தகைய பட்டியல்களே.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. செயலியைத் தேர்ந்தெடுக்க முற்படுகிறவர்கள் பெரும்பாலும் அதன் தோற்றத்தையும், விளம்பரத்தையும், சந்தாத் தொகையையும் பார்க்கிறார்களேயன்றி, அது எந்தப் பட்டியலை ஆதாரமாகக் கொண்டு கணக்கிடுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. பல செயலிகளில் உணவு விவரங்களைச் சேர்ப்பவர்கள் அவற்றைப் பயன்படுத்தும் பொதுமக்களே. இதனால் பட்டியல் லட்சக்கணக்கில் பெருகுகிறது. பிழைகளும் கூடவே பெருகுகின்றன. ‘சாம்பார்’ என்று தேடினால் பத்து விதமான சாம்பார்கள் பத்து விதமான எண்களோடு வந்து நிற்கும். அவற்றுள் எது பரிசோதனைச் சாலையிலிருந்து வந்தது, எது யாரோ ஒருவர் உத்தேசமாகப் போட்டது என்று சாதாரண வாசகருக்குத் தெரியாது. ஆயினும் அட்வாட்டரின் கணக்கையே உரைகல்லாகக் கொண்டு இதைச் சோதித்துவிடலாம். ஓர் உணவில் புரதம் 10 கிராம், மாவுச்சத்து 30 கிராம், கொழுப்பு 5 கிராம் என்று செயலி சொன்னால், முறையே 40, 120, 45 கலோரி கூடி 205 வரவேண்டும். நார்ச்சத்தின் காரணமாகச் சிறு வித்தியாசம் இருக்கலாம். ஆனால் மொத்தம் 120 என்று அதே பதிவு காட்டுமானால், அந்தப் பதிவு பொய். நீங்கள் அன்றாடம் உண்ணும் ஏழெட்டு உணவுகளை இவ்வாறு சோதித்தாலே, செயலியின் யோக்கியதை ஒரு மாலைப்பொழுதில் விளங்கிவிடும்.

நம் வீட்டுச் சமையலுக்கு இன்னும் இரண்டு சோதனைகள் அவசியம். முதலாவது, பச்சைப் பொருளையும் வெந்த பொருளையும் செயலி வேறுபடுத்திக் காட்டுகிறதா என்பது. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி உண்டு. அதுவே தண்ணீரை இழுத்து வெந்து சோறான பிறகு 100 கிராமில் 130 கலோரி அளவே இருக்கும். தட்டிலிருக்கும் 200 கிராம் சோற்றை நிறுத்து, ‘அரிசி’ என்ற பெயரில் பதிந்துவிட்டால், 260 கலோரி உண்டவர் 700 கலோரி உண்டதாகக் கணக்கு வரும். ஒருவேளைச் சாப்பாட்டிலேயே இத்தகைய பிழை நேர்ந்தால், மற்றவற்றைக் கிராம் சுத்தமாகப் பதிந்து என்ன பிரயோஜனம்?

இரண்டாவது, வீட்டில் சமைத்த குழம்பை நம்முடைய சொந்தப் பாகமாகவே பதிந்துவைக்கும் வசதி செயலியில் உண்டா, அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறதா என்பது. நம் உணவு, உறையைப் பிரித்து உண்ணும் உணவன்று. ஒவ்வொரு வீட்டுச் சாம்பாரும் ஒவ்வொரு விதம். ஆகவே வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்துக்கொண்டு, அதில் போடும் பருப்பு, காய், எண்ணெய் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பதிந்து, சமைத்து முடித்த பின் பாத்திரத்தோடு நிறுத்து, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டால், குழம்பின் மொத்த எடை கிடைத்துவிடும். 150 கிராம் துவரம் பருப்பு போட்டுச் செய்த சாம்பார் 1,600 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பருப்பில் உள்ள புரதம் மொத்தம் 32 கிராம் அளவே. நால்வர் இருவேளை உண்டால், ஒருவேளைக்கு ஒருவர் பங்கு 200 கிராம் சாம்பார். அதில் வரும் பருப்புப் புரதம் 4 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயது வந்தவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 கிராம். சாம்பார் உண்பதால் புரதம் போதுமான அளவு கிடைத்துவிடுகிறது என்னும் நம்பிக்கை எவ்வளவு ஆதாரமற்றது என்பதை இந்தச் சிறு கணக்கு காட்டிவிடுகிறது. உணவுக் கணக்கின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். உடல் இளைக்க வேண்டுமென்று செயலியைத் தொடங்கும் பலருக்கும், முட்டையோ சுண்டலோ தயிரோ தங்கள் தட்டில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியவருவது அதைவிடப் பெரிய லாபம்.

இந்தக் கணக்குக்கெல்லாம் வேண்டியது ஒரு சமையலறைத் தராசு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சிறு தராசு, ஆயிரக்கணக்கில் சந்தா கட்டும் எந்தச் செயலியைக் காட்டிலும் நிச்சயமான துணை. தாளிப்பில் ஒரு மேஜைக் கரண்டி எண்ணெய் கூடினால் 120 கலோரி கூடிவிடும். தட்டைப் படம் பிடித்தாலே சத்துக் கணக்கைச் சொல்வதாக இப்போது சில செயலிகள் கூறிக்கொள்கின்றன என்றாலும், குழம்புக்குள் கலந்துவிட்ட அந்த எண்ணெயைப் படம் எவ்வாறு அறியும்? படம் பிடிக்கும் வசதிக்காகவே பணம் கட்டுவது வீண்செலவு என்றே சொல்வேன்.

இனிச் செயலிகளைப் பற்றி. 2005-ல் அமெரிக்காவில் தோன்றிய மைஃபிட்னஸ்பால் உலகெங்கும் பெயர் பெற்றது. பொட்டலத்தின் பார்கோடைப் படித்து உணவைப் பதியும் வசதியை நெடுங்காலம் இலவசமாகத் தந்துவந்த அது, 2022-ல் அவ்வசதியைச் சந்தாதாரர்களுக்கென்று ஒதுக்கிவிட்டது. இலவசமாகக் கிடைப்பது என்றும் இலவசமாகவே இருக்கும் என்று நம்பிப் பழக்கம் செய்துகொள்ளலாகாது என்பதற்கு இது தக்க உதாரணம். கனடா நாட்டின் கிரோனோமீட்டர், பொதுமக்கள் சேர்ப்பதைக் காட்டிலும் பரிசோதனைச் சாலைப் பட்டியல்களையே பெரிதும் சார்ந்து நிற்பது. விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் அதன் இலவசப் பகுதியிலேயே வைட்டமின்கள், தாதுக்கள் உட்படப் பல சத்துகளைக் காணலாம். பருப்பு, அரிசி, காய், பால் என்று மூலப்பொருள்களாகவே பதியும் பொறுமை உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பெங்களூரில் 2012-ல் தொடங்கிய ஹெல்திஃபைமீ, இட்லி, உப்புமா, சப்பாத்தி முதலிய நம் நாட்டு உணவுகளை வீட்டு அளவுகளிலேயே பதிய உதவுவது; ஆயினும் அதன் வியாபாரம் ஆலோசனைத் திட்டங்களை விற்பதில் இருப்பதால், அவற்றை வாங்கும்படி அழைப்புகள் வரும் என்பதை அறிந்தே சேரவேண்டும். மேக்ரோஃபாக்டர் என்பதில் இலவசப் பகுதியே இல்லை; நம் எடை மாறும் போக்கைக் கொண்டு தேகம் செலவிடும் சக்தியைக் கணித்துக்கொள்ளும் திறமை அதற்கு உண்டு. தேகப்பயிற்சியில் தீவிரமாக ஈடுபட்டவர்களுக்கு அது பயன்படலாம், ஏனையோருக்கு அவசியமில்லை. பணமும் கொடாமல் விளம்பரமும் பார்க்காமல் இருக்க விரும்புகிறவர்களுக்கு, 2012-ல் பிரான்சில் லாபநோக்கமின்றித் தொடங்கிய ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்னும் பொதுப் பட்டியலை ஆதாரமாகக் கொண்ட வெய்ஸ்ட்லைன், ஓப்பன்நியூட்ரிடிராக்கர் போன்ற எளிய செயலிகள் உண்டு. அழகு குறைவுதான், ஆனால் நம் விவரங்கள் நம் கைபேசியிலேயே இருக்கும்.

அந்தக் கடைசி விஷயம் அற்பமானதன்று. நாம் என்ன உண்கிறோம், என்ன எடை இருக்கிறோம், என்ன நோய் உண்டு என்பவையெல்லாம் அந்தரங்கமானவை. மைஃபிட்னஸ்பாலின் சுமார் 15 கோடிப் பயனாளர் கணக்குகளின் விவரங்கள் அந்நியர் கைக்குச் சென்றதாக 2018-ல் அதன் அந்நாளைய உரிமையாளரான நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. தேவைக்கு மேல் ஒரு விவரமும் கொடாதிருப்பதும், வேறெங்கும் பயன்படுத்தாத தனிக் கடவுச்சொல்லை வைத்துக்கொள்வதும் புத்திசாலித்தனம்.

சந்தா கட்டியே ஆகவேண்டும் என்று தோன்றினால், அதன் நடைமுறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாதச் சந்தாவைக் காட்டிலும் ஆண்டுச் சந்தா மலிவு என்று காட்டுவார்கள். மாதம் 20 டாலர், ஆண்டுக்கு 80 டாலர் என்பது போன்ற விகிதங்களில் அது உண்மையுங்கூட. ஆனால் இரண்டாம் மாதத்திலேயே ஆர்வம் தணிந்துவிடுமானால், 40 டாலரில் முடிந்திருக்க வேண்டியதற்கு 80 டாலர் கொடுத்தவராகிறோம். இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் பணம் தானாகவே பிடிக்கப்படும். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள், நிற்காது. கூகுள் பிளேயிலோ ஆப் ஸ்டோரிலோ சந்தாக்கள் என்னும் பகுதிக்குச் சென்று ரத்து செய்தால்தான் நிற்கும்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளும், கர்ப்பிணிகளும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் செயலி சொல்லும் அளவுகளை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டாமல் கைக்கொள்ளலாகாது. வளரும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைத் திணிக்கவே கூடாது. எண்களைப் பார்த்துப் பார்த்து, உண்பதற்கே அஞ்சும் மனநிலை ஒருவருக்கு வருவதாகத் தெரிந்தால், அந்தக் கணமே செயலியை மூடிவிடுவது நல்லது.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பணம் கட்டுவதற்கு முன் ஒரு தராசை வாங்குங்கள், இலவசப் பகுதி உள்ள ஏதேனும் ஒரு செயலியில், உங்கள் வீட்டுச் சமையலை இரண்டு வாரம் உண்மையாகப் பதிந்து பாருங்கள், அதன் பின்னும் ஏதாவதொரு வசதி இல்லாமல் கணக்கு நடவாது என்று கண்டால், அந்த ஒரு வசதிக்காக ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவும் தேவைப்படாது.