மகம் நட்சத்திரத்தைக் காணோம்! குடந்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது யார்?

கும்பகோணம்:

நட்சத்திரத்தைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுக்க முடியாது. கொடுத்தால் ஏட்டய்யா நம்மை மேலும் கீழும் பார்ப்பார். ஆனாலும் காணாமல் போனது உண்மை.

பெயர்: மகம். நிறம்: நீலம் கலந்த வெள்ளை. குடியிருப்பு: சிம்ம ராசி. கடைசியாகப் பார்த்தவர்கள்: களத்து மேட்டில் நெல்லுக்குக் காவல் படுத்த தாத்தாக்கள்.

குடந்தை மகாமகக் குளத்துக்குப் பெயர் கொடுத்ததே இந்த நட்சத்திரம்தான். 2016 பிப்ரவரி 22-ந் தேதி அந்தக் குளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் முழுக்குப் போட்டார்கள். அதில் எத்தனை பேர் அன்று ராத்திரி கிழக்கே அண்ணாந்து பார்த்திருப்பார்கள்?

மகாமகம் என்றாலே நமக்குக் கூட்டம், பஸ், பந்தோபஸ்து ஞாபகம்தான் வரும். நெரிசலில் பலர் உயிர் விட்ட 1992-ஐ மறக்க முடியுமா? ஆனால் "மகம்னா என்னப்பா?" என்று பிள்ளை கேட்டால் பதில் வைத்திருக்கிறோமா?

ஒரே வானம், நாலு துண்டு

பள்ளிக்கூடத்தில் வானம் இருக்கத்தான் இருக்கிறது. துண்டு துண்டாக இருக்கிறது. தமிழில் கொஞ்சம், அறிவியலில் கொஞ்சம், புவியியலில் கொஞ்சம். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் ஒட்டு இல்லை. எல்லாம் பகலில் நடக்கிறது. நட்சத்திரமோ ராத்திரி வருகிறது!

இந்த ஒரே ஒரு மகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பீரியடு ஓட்டலாம் பாருங்கள்.

தமிழ்: சித்திரை, விசாகம், பூசம், மகம், உத்திரம் எல்லாம் நட்சத்திரப் பெயர்கள். பௌர்ணமி நிலா எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கிறதோ, அதை ஒட்டியே மாசத்துக்குப் பெயர். அதனால்தான் தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம். காவிரியைப் பாடும் பட்டினப்பாலையே வானத்தில்தான் ஆரம்பிக்கிறது. வெள்ளி தன் வழி மாறினாலும் காவிரி கைவிடாது என்பது புலவரின் நம்பிக்கை. வெள்ளியைப் பார்க்காத பிள்ளைக்கு இது மனப்பாடப் பாட்டு. பார்த்த பிள்ளைக்கு நம்ம ஊர்ச் சேதி.

அறிவியல்: மாசியில் சூரியன் கும்ப ராசியில். பௌர்ணமி நிலா அதற்கு நேர் எதிரே இருக்க வேண்டும். எதிரே இருப்பது சிம்மம், அங்கே மகம். இது வருஷா வருஷம் வரும் மாசி மகம். வியாழனும் சிம்மத்துக்கு வந்து சேர்ந்தால் அது மகாமகம்.

கணக்கு: 12 வருஷத்துக்கு ஒரு முறை மகாமகம் என்கிறோம். ஆனால் வியாழன் ஒரு சுற்று வர எடுப்பது 11.86 வருஷம். சுற்றுக்கு 0.14 வருஷம் மிச்சம், அதாவது 51 நாள். 7 சுற்றில் 357 நாள். கிட்டத்தட்ட ஒரு வருஷமே மிச்சம்! அதனால்தான் 1945-ல் நடந்த மகாமகத்துக்கு அடுத்தது 1957-ல் வரவில்லை. 1956-லேயே வந்துவிட்டது. தசமப் புள்ளி எதற்கு என்று கேட்கும் பையனுக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

புவியியல்: கும்பகோணம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு அட்சரேகையில். மகம் நட்சத்திரம் வானத்தில் போகும் பாதை 12 டிகிரி வடக்கு. ஒரே டிகிரிதான் வித்தியாசம். ஆகவே அது நம் உச்சந்தலைக்கு மேலேயே போகிறது. டெல்லிக்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர் தெற்கே திரும்பித்தான் பார்க்க வேண்டும்.

வரலாறு: குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களையும் கட்டியவர் தஞ்சை நாயக்க மன்னர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர். ஏறக்குறைய அதே காலத்தில், 1610-ல், இத்தாலியில் கலிலியோ இதே வியாழனைத் தொலைநோக்கியில் பார்த்தார். அதற்கு நாலு நிலாக்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்னொன்று: இன்று நம் கண்ணில் படும் மகத்தின் ஒளி, அங்கிருந்து புறப்பட்டு ஏறக்குறைய 79 வருஷம் ஆகிறது. தாத்தா அரை டிராயர் போட்ட காலத்து வெளிச்சம்!

தஞ்சைக்குப் புதுசு அல்ல

பாடத்தோடு பாடத்தைக் கலப்பதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. தஞ்சையில் 200 வருஷத்துக்கு முன்பே இதைச் செய்தார்கள். 1798 முதல் 1832 வரை இருந்த சரபோஜி மன்னர் 'தேவேந்திர குறவஞ்சி' என்று மராத்தியில் ஒரு நாடகம் எழுதினார். குறி சொல்லும் குறத்தி அதில் உலக நாடுகளின் புவியியலைப் பாடுகிறாள்! அதே காலத்துத் தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் தமது 'பெத்லகேம் குறவஞ்சி'யில் சூரியனைப் பூமி சுற்றும் கதையைத் தமிழ்ப் பாட்டாக்கினார். பாட்டு, கூத்து, வானம், பூகோளம் எல்லாம் ஒரே இலையில் பரிமாறப்பட்டன.

வெளிச்சத்தில் நடக்கும் திருட்டு

இருட்டில் நடப்பதுதான் திருட்டு என்பார்கள். இது வெளிச்சத்தில் நடக்கிறது. தெருவிளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெண்கள் பயமில்லாமல் நடக்க அது வேண்டும். ஆனால் சில விளக்குகள் ரோட்டைக் காட்டாமல் வானத்தைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. மூடிய கடைக்கு மேலே போர்டு விடிய விடிய எரிகிறது. கரண்டு பில்லும் நமக்கு, நட்டமும் நமக்கு.

கடைக்காரர்களே! மாசியில் ஒரே ஒரு நாள், கடை கட்டியதும் போர்டு விளக்கை அரை மணி நேரம் அணையுங்கள். வாத்தியார்களே! அன்று பிள்ளைகளைப் பெற்றோரோடு பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். தொலைநோக்கி வேண்டாம். கண் போதும்.

அமாவாசையை ஒட்டிய நாள் நல்லது. இரவு 8 மணிக்குக் கிழக்கே திரும்புங்கள். ஆறு நட்சத்திரம் சேர்ந்து ஒரு கதிர் அரிவாள். பிடி வலப்பக்கம், வளைவு இடப்பக்கம். வெள்ளைக்காரரும் அதற்கு அரிவாள் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார். சம்பா அறுவடை நேரத்தில் வானத்திலும் அரிவாள்! அதன் பிடி நுனியில் பளிச்சென்று நிற்பதுதான் மகம்.

அடுத்த மகாமகம் 2028-ல். குளத்தைத் தூர் வாருவார்கள், ரோடு போடுவார்கள். அதற்குள் இந்த வேலையையும் முடித்துவிடலாம்.

கண்டுபிடித்தவர்கள் தகவல் கொடுக்க வேண்டிய இடம்: உங்கள் வீட்டுப் பிள்ளை.