6,000 கி.மீ. தாண்டிக் கேட்ட வெடிச் சத்தம்

2017 நவம்பர் 15. அர்ஜென்டினாவின் 'சான் ஹுவான்' நீர்மூழ்கிக் கப்பல் 44 பேருடன் தெற்கு அட்லாண்டிக்கில் காணாமல் போனது. பல நாட்டுக் கப்பல்களும் விமானங்களும் தேடியும் தடயம் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, வியன்னாவில் உள்ள அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பிடமிருந்து தகவல் வந்தது: கப்பல் கடைசியாகப் பேசிய சில மணி நேரத்தில், அதே பகுதியில் வெடிப்பு போன்ற ஒரு சத்தம் பதிவாகியிருக்கிறது. அதைக் கேட்டவை அசென்ஷன் தீவு, க்ரோசே தீவுகள் ஆகிய இடங்களில் உள்ள ஹைட்ரோஃபோன்கள். அசென்ஷன் அங்கிருந்து சுமார் 6,000 கி.மீ.; க்ரோசே அதைவிடத் தொலைவு.

ஹைட்ரோஃபோன் என்பது தண்ணீருக்குள் வேலை செய்யும் மைக். உள்ளே இருப்பது, அழுத்தினால் மின்சாரம் தரும் ஒரு வகைப் பீங்கான் துண்டு. சமையலறை கேஸ் லைட்டரில் பொறி பறப்பதும் இந்தத் தன்மையால்தான். ஒலி அலை தண்ணீரை அழுத்தித் தளர்த்தும்போது பீங்கானில் மிகச் சிறிய மின்னழுத்தம் எழுகிறது. அதைப் பெருக்கிப் பதிவு செய்கிறார்கள்.

அவ்வளவு தூரம் சத்தம் போனது எப்படி? கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர், காற்றில் உள்ளதைப் போல நான்கு மடங்குக்கு மேல். ஆழம் போகப் போகக் குளிர் கூடுவதால் இந்த வேகம் குறைகிறது. இன்னும் கீழே நீரின் அழுத்தம் ஏறுவதால் மறுபடி கூடுகிறது. நடுவில், வெப்பக் கடல்களில் ஏறத்தாழ ஒரு கி.மீ. ஆழத்தில், வேகம் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று இருக்கிறது. மேலோ கீழோ விலகும் ஒலி வளைந்து அதற்குள்ளேயே திரும்பிவிடும். கடல்மட்டத்திலோ தரையிலோ மோதித் தேயாததால் ஆயிரக்கணக்கான கி.மீ. ஓடுகிறது. சான் ஹுவானின் சத்தம் அசென்ஷனை எட்ட ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது.

அந்த அடுக்கில்தான் ஹைட்ரோஃபோன்களை மும்மூன்றாக, முக்கோண வடிவில், சுமார் 2 கி.மீ. இடைவெளியில் நிறுத்துகிறார்கள். மூன்றிலும் ஒலி சேரும் நேர வித்தியாசம் திசையைக் காட்டிவிடும். இரு நிலையங்களின் திசைக்கோடுகள் வெட்டும் இடமே சத்தம் பிறந்த இடம். இந்தக் கணக்கைச் சரிபார்க்க, அர்ஜென்டினா அந்தப் பகுதியில் 2017 டிசம்பர் 1-ஆம் தேதி ஒரு வெடிகுண்டை வெடிக்கச் செய்தது. இரு நிலையங்களும் அதையும் கேட்டன. 2018 நவம்பரில் சுமார் 900 மீட்டர் ஆழத்தில் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே இருந்த யாரையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் எங்கே போனார்கள் என்றே தெரியாமல் காத்திருந்த குடும்பங்களுக்கு ஒரு பதிலாவது கிடைத்தது.

இந்த நிலையங்கள் அந்த ஒப்பந்த அமைப்பின் கண்காணிப்பு வலையமைப்பைச் சேர்ந்தவை. ரகசிய அணுவெடிப்பைப் பிடிக்கவே வைக்கப்பட்டன. ஆனால் அவற்றின் பல ஆண்டுப் பதிவுகளைக் கேட்டுத்தான், இந்தியப் பெருங்கடலில் தனிப் பாட்டுள்ள ஒரு குட்டை நீலத் திமிங்கலக் கூட்டம் இருப்பதை 2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இலங்கைக் கரை வரை அதன் குரல் கேட்டிருக்கிறது.

கடற்படைகளும் கடலுக்கடியில் ஹைட்ரோஃபோன் வரிசைகளை வைத்திருக்கின்றன. அவை கேட்பதில் பெரும்பகுதி வெளியே வருவதில்லை. பாதுகாப்புக்கு இனித் தேவைப்படாத பழைய பதிவுகளையாவது ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.