ஐம்பொறியும் கேளிக்கைப் பூங்காவும்

உலகத்தை நாம் அறிவது பொறிகளின் வாயிலாகவேயாகும். மெய், வாய், மூக்கு, கண், செவி என்னும் ஐந்து வாயில்களும் அடைபடுமாயின், உள்ளிருக்கும் மனத்துக்கு வெளியே ஓர் உலகம் உண்டென்பதே தெரியாது போய்விடும். ஆயினும், இவ்வைந்தும் எவ்வாறு தொழிற்படுகின்றன, ஒன்றுக்கொன்று எவ்வாறு துணைநிற்கின்றன என்பதை நாம் நாள்தோறும் எண்ணிப் பார்ப்பதில்லை. பழகிய பொருளைப் பழக்கமே மறைத்துவிடுகின்றது. பொறிகளை வேண்டுமென்றே மயக்குவதற்கெனக் கட்டப்பட்ட ஓர் இடத்தை ஆராய்ந்தால் அவற்றின் இயல்பு நன்கு விளங்கும். மேனாட்டார் 'தீம் பார்க்' என வழங்கும் கேளிக்கைப் பூங்கா அத்தகையதோர் இடமாகும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று கடல்கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். விடுமுறைக் காலத்தில் தம் மக்களுடன் இத்தகைய பூங்காக்களுக்குச் சென்று மீள்வோரும் அவருள் உளர். அவர் அனுப்பும் நிழற்படங்களைக் காணும் இங்குள்ள மாணாக்கர், அவை கண்ணுக்கு மாத்திரம் விருந்தளிக்கும் இடங்கள் என்று கருதுதல் இயல்பே. படத்தில் அகப்படாத நான்கு புலன்களுக்கும் ஆங்கே செய்யப்படும் உபசாரத்தை விளக்குதலும், அதிலிருந்து நாம் கற்கத்தக்கது யாதென்று காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இவ்வகைப் பூங்காக்களுட் பெயர்பெற்றது டிஸ்னிலாந்து. வோல்ற் டிஸ்னி என்பார் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனகைம் என்னும் ஊரில், 1955ஆம் ஆண்டு யூலை மாதம் 17ஆம் நாள் இதனைத் திறந்துவைத்தார். ஊசலும் இராட்டினமும் கொண்ட பழைய களியாட்டத் திடல்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் கற்றோர் எளிதில் உணரலாம். தொல்காப்பியனார் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய உணவு, மரம், விலங்கு, பறவை, தொழில், பறை, யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் எனத் தொகுத்துக் கூறினார். குறிஞ்சிக்குரியது நெய்தலில் வந்து புகுமாயின் கற்போன் உள்ளம் இடறும். டிஸ்னிலாந்தும் தொடக்கத்தில் ஐந்து நிலங்களாகவே வகுக்கப்பட்டது. பழைய சிற்றூரின் தலைத்தெரு, காடு சூழ்ந்த துணிகர நிலம், மேற்கெல்லைக் குடியேறிகளின் நிலம், கற்பனைக் கதைகளின் நிலம், வருங்கால நிலம் என்பன அவை. ஒவ்வொன்றிலும் மரமும், உணவும், இசையும், ஏவலாளர் உடையும் அந்நிலத்துக்கே உரியனவாக அமைந்திருக்கும். ஐம்பொறியும் ஒரே செய்தியைக் கொண்டுவருதல் வேண்டும் என்பதே இவ்வமைப்பின் உயிர்நிலையாகும்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை நிரல்படுத்துகின்றது. ஊறு, சுவை, நாற்றம், ஒளி, ஓசை, மனம் என்னும் அம்முறையைப் பின்பற்றியே நாமும் இப்பூங்காவினுட் செல்வோம்.

முதலாவது ஊறு. தோலினுள்ளே அழுத்தம், அதிர்வு, வெம்மை, தண்மை, நோவு ஆகியவற்றை உணரும் நரம்பு முனைகள் தனித்தனியே உள. டிஸ்னிலாந்து திறக்கப்பட்ட அன்று கடும் வெயில். அவசரமாக இடப்பட்ட தார் இறுகாமையால், மகளிரின் குதியுயர்ந்த காலணிகள் தெருவிற் புதைந்தன என்பது அந்நாளைப்பற்றிப் பலரும் கூறும் செய்தி. மாளிகையின் அழகு எவ்வளவு சிறந்ததாயினும், காலடியில் உண்டாகும் இடர் அதனைக் கெடுத்துவிடும் அன்றோ! இன்றோ ஒரு நிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது தரையின் நிறமும் அமைப்பும் மாறும். கண் வேறெங்கோ நோக்கியிருப்பினும், இடம் மாறியதைக் கால் உணர்ந்துகொள்ளும். வெயிலிலிருந்து குகையுள் நுழைவோரின் முகத்திற் குளிர்காற்று வந்து படுதலும், ஓடம் சரிந்து விழும்போது நீர் தெறித்தலும் இவ்வினத்தைச் சார்ந்தனவே.

இரண்டாவது சுவை. நாம் சுவை என்று கூறுவதிற் பெரும்பகுதி மூக்கின் உதவியால் வருவதாகும். தடிமன் பிடித்த நாளில் உணவு சப்பென்றிருப்பதற்குக் காரணம் அதுவே. பூங்கா அமைப்போர் நாவையும் கதைக்கு ஏவலாளாக்கிக்கொள்வர். காட்டு நிலத்தில் அன்னாசிச் சுவையுள்ள ஐஸ்கிறீம் கிடைக்கும். யூனிவேர்சல் நிறுவனத்தார் 2010ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோ நகரில் ஹரி பொற்றர் கதையை ஒட்டி ஒரு பகுதியைத் திறந்தபோது, அக்கதை மாந்தர் அருந்தும் 'பட்டர்பியர்' என்னும் பானத்தை மதுக் கலவாது செய்து விற்றனர். நூலிற் பெயராக மாத்திரம் இருந்த ஒன்றுக்கு அன்று சுவை பிறந்தது. அதனைப் பருகும் பிள்ளை தான் கதையினுள்ளேயே புகுந்துவிட்டதாக எண்ணுவதில் வியப்பில்லை.

மூன்றாவது நாற்றம். ஏனைய புலன்களின் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள ஓர் இடைநிலையத்தைக் கடந்தே மேற்செல்கின்றன. மணமோ அவ்வழி செல்லாது, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே சென்றடைகின்றது. பல்லாண்டு மறந்திருந்த ஒரு வீட்டை ஒரு மணம் நொடியில் நினைவூட்டுவது இதனாலேயே. இவ்வுண்மையை அறிந்த டிஸ்னி நிறுவனத்தார், குறித்த இடத்திற் குறித்த மணத்தைக் காற்றோடு செலுத்தும் பொறிகளைச் செய்தனர். புளோரிடாவில் 1983ஆம் ஆண்டு திறக்கப்பட்டு 1999இல் மூடப்பட்ட 'ஹொரைசன்ஸ்' என்னும் காட்சியகத்தில், வருங்காலப் பழத்தோட்டத்தை அணுகுவோருக்குத் தோடம்பழ மணம் வீசியது. கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தை அடுத்து 2001ஆம் ஆண்டு அமைந்த பூங்காவில், வானிற் பறப்பதுபோன்ற ஒரு காட்சியிலும் பழத்தோட்டங்களின்மேற் செல்லும்போது அதே மணம் கமழ்ந்தது.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. டிஸ்னிலாந்து அமைந்த ஏறத்தாழ 160 ஏக்கர் நிலமும் முன்னாளிற் பெரும்பாலும் தோடை மரங்கள் நின்ற நிலமேயாகும். மரங்களை வெட்டிப் பூங்கா அமைத்தனர். அரை நூற்றாண்டுக்குள் அப்பூங்காவின் அயலிலேயே அம்மரங்களின் மணத்தைப் பொறியினால் உண்டாக்கினர். மூக்கு வேறுபாடு அறியாது மகிழ்ந்தது. போலி எத்துணைத் திறமையுடையதாயினும், உண்மைப் பொருளின் இழப்புக்கு அது ஈடாகுமா என்னும் வினாவை மூக்கு எழுப்பாது. மனமே எழுப்புதல் வேண்டும்.

நான்காவது ஒளி. கண்ணை மயக்கும் கலையில் இப்பூங்காக்கள் மிக வல்லன. டிஸ்னிலாந்தைச் சுற்றி உயர்ந்த மண்மேடு எழுப்பி, அதன்மேற் சிறு புகையிரதத்தை ஓடவிட்டனர். உள்ளே நிற்போருக்கு வெளியூரின் வீடும் வீதியும் தோன்றா. தலைத்தெருக் கடைகளின் மேல்மாடிகள் கீழ்மாடியினும் சிறிய அளவிற் கட்டப்பட்டன. தொலைவிலுள்ள பொருள் சிறிதாகத் தோன்றும் என்பது கண் கற்றுக்கொண்ட பாடம். ஆதலின், சிறிதாகக் கட்டிய மேல்மாடியை அது உயரத்தில் இருப்பதாகக் கொள்கின்றது. அரண்மனையின் உயரம் 77 அடியே. மேலே செல்லச் செல்லக் கற்கள் சிறுத்துச் செல்வதால் அது வானளாவியதாகத் தோன்றும். சுவிற்சலாந்து மலையொன்றைப் பார்த்து 1959இல் அமைத்த 147 அடிக் குன்றிலும் இம்முறையையே கையாண்டு, அடியில் உயர்ந்த மரங்களையும் மேலே குட்டை மரங்களையும் நட்டனர்.

கண்ணுக்கு ஒன்றும் காட்டாமையும் ஒரு தந்திரமாகும். புளோரிடாவில் 1975ஆம் ஆண்டு திறந்த 'ஸ்பேஸ் மவுண்டன்' என்னும் உருளூர்தி மணிக்கு 30 மைலுக்கும் குறைவாகவே ஓடுவது; நெடுஞ்சாலையிற் செல்லும் பேருந்தின் வேகம் இதனினும் அதிகம். ஆனால், அது இருளில் ஓடுகின்றது. அடுத்த வளைவு எப்பக்கம் என்று கண் முன்னறிவிக்க இயலாமையால், முகத்தில் மோதும் காற்றும் உடலின் குலுக்கமும் பன்மடங்காகத் தோன்றுகின்றன.

ஐந்தாவது ஓசை. கண்ணை மூடிக்கொள்ளலாம்; செவியை அவ்வாறு மூட இயலாது. பக்கத்து நிலத்தின் இசை இங்கு வந்து கலவாதபடி காத்தலே இதிற் பெரும் பணி. நியூயோர்க் நகரில் 1964இலும் 1965இலும் நடந்த உலகக் கண்காட்சிக்கெனப் பல நாட்டுக் குழந்தைப் பாவைகள் பாடும் ஓடப்பயணம் ஒன்றை டிஸ்னி குழுவினர் அமைத்தனர். ஒவ்வொரு நாட்டுப் பாவையும் தன் நாட்டுக் கீதத்தை இசைப்பதே முதலில் எண்ணியது. அனைத்தும் ஒருங்கே ஒலித்தபோது பேரிரைச்சலே எஞ்சியது. பின்னர் ஷேர்மன் சகோதரர் இருவர், எடுப்பும் தொடுப்பும் ஒரே வேளையில் ஒலித்தாலும் முரணாத ஒரு மெட்டை அமைத்துக் கொடுத்தனர். ஓடம் ஓரறையிலிருந்து மற்றோரறைக்குச் செல்கையில் மொழி மாறினும் இசை பிசகவில்லை. 1966ஆம் ஆண்டு அப்பயணம் டிஸ்னிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டது.

செவியினுள்ளே ஐம்புலக் கணக்கிற் சேராத மற்றோர் உணர்வும் உறைகின்றது. அது சமநிலையுணர்வு. உட்செவியில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள. தலை திரும்பும்போது அவற்றினுள் உள்ள திரவம் அசைந்து அத்திருப்பத்தை உணர்த்தும். அவற்றை அடுத்த சிறு பைகளிலுள்ள நுண்ணிய சுண்ணத் துகள்கள் புவியீர்ப்பையும் ஆர்முடுகலையும் உணர்த்தும். ஆனால், உடல் பின்னே சாய்கின்றதா, முன்னோக்கி விரைகின்றதா என்பதை இவற்றால் மாத்திரம் வேறுபடுத்தல் அரிது. 1987ஆம் ஆண்டு டிஸ்னிலாந்தில் வந்த விண்வெளிப் பயணக் காட்சி இக்குறையையே மூலதனமாகக் கொண்டது. விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் பொறியினைப்போன்ற ஓர் அறை சற்றுப் பின்னே சாயும். அதே கணத்தில் திரையில் விண்மீன்கள் விரைந்து விலகும். கண்ணின் சான்றைச் செவியின் சான்று உறுதிசெய்ய, நின்ற இடத்தை விட்டு அகலாதவர் விண்வெளியிற் பாய்ந்ததாக உணர்வர். இச்சான்றுகள் முரண்படின் விளைவது குமட்டல். ஓடும் பேருந்தில் நூல் படிப்போருக்குத் தலைசுற்றுவதும் இதனாலேயே: எழுத்து நிலையாக நிற்கின்றது என்று கண் கூற, உடல் அசைகின்றது என்று செவி கூறுகின்றது.

ஆறாவது மனம். மேற்கூறிய மயக்கம் அனைத்தையும் பொய்யென்று அறிந்தவண்ணமே அது மகிழ்கின்றது. அரிச்சந்திரனாக வேடம் புனைந்தவர் அடுத்த தெருவினர் என்று அறிந்தும் மயான காண்டத்திற் கண்ணீர் உகுப்பவர் நிலை போன்றது இது. ஐந்து சாட்சிகளும் ஒத்துரைக்க, நடுவனாகிய மனம் விரும்பி இசைந்து கொடுக்கும் தீர்ப்பே பூங்காவின் இன்பம் என்க.

அங்ஙனமாயின், ஒரு சாட்சி இல்லாதவருக்கு இவ்வின்பம் இல்லையா? ஒரு பொறி அளவுக்கு மிஞ்சிக் கூர்மையாய், சிறிய ஓசைக்கும் நடுங்கும் பிள்ளையின் நிலை யாது? இவ்வினா நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தவரான கோர்டன் ஹார்ட்மன் என்பார், மாற்றுத்திறனுடைய தம் மகள் ஏனைய பிள்ளைகளோடு விளையாட விரும்பியும் இயலாதிருந்த நிலையைக் கண்டு, 2010ஆம் ஆண்டு சான் அன்டோனியோ நகரில் 'மோர்கன்ஸ் வொண்டர்லாண்ட்' என்னும் பூங்காவை 25 ஏக்கர் நிலத்தில் அமைத்தார். சக்கர நாற்காலியோடு ஏறத்தக்க இராட்டினமும் ஊசலும் அங்கு உள. மாற்றுத்திறனாளரிடம் நுழைவுக் கட்டணம் பெறுவதில்லை. 2017இல் அங்கே திறந்த நீர்விளையாட்டுப் பகுதியில், குளிரைத் தாங்காதவருக்காக நீரை வெம்மையாக்கும் வசதியும், காற்றழுத்தத்தால் இயங்கி நீரிற் பழுதுறாத சக்கர நாற்காலிகளும் அமைக்கப்பட்டன. பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள 'செசமி பிளேஸ்' என்னும் பூங்கா 2018இல் தற்புனைவு நிலையுடைய பிள்ளைகளுக்கெனச் சிறப்பு ஏற்பாடுகளை மேற்கொண்டது. அதன் வழிகாட்டி ஒவ்வொரு விளையாட்டும் ஐம்புலனையும் எவ்வளவு தாக்கும் என்பதை 1 முதல் 10 வரையான எண்களால் தனித்தனியே குறித்துக் காட்டுகின்றது. அதனைப் பார்க்கும் தாய், தன் பிள்ளை எதனைத் தாங்கும், எதனைத் தாங்காது என்று முன்னரே தெரிந்துகொள்வாள்.

இங்கேதான் பூங்காவின் கதை நம் கதையாகின்றது. பள்ளிக்கூடமும் பொறிகளின் வாயிலாக மனத்தை அடைய முயலும் இடமேயன்றோ? ஆசிரியராகிய நாம் பெரும்பாலும் கரும்பலகையாற் கண்ணையும், குரலாற் செவியையும் மாத்திரம் நாடுகின்றோம். கடைசி வாங்கிலிருந்து எழுத்தைக் காணமாட்டாத மாணவனும், ஒரு செவி மந்தமானவனும், இரைச்சலிற் சிந்தை கலங்குபவனும் 'படிப்பு வராதவர்' என்னும் ஒரே பெயரைப் பெற்றுவிடுகின்றனர். கேளிக்கைக்கு வருவோனின் காலடித் தரையையும் எண்ணிப் பார்க்கின்றனர் மேனாட்டார். கல்விக்கு வருவோனுக்கு அவ்வளவேனும் செய்தல் நம் கடன்.

விழாக் காணும் இவ்வேளையிற் கல்லூரிக்குக் கட்டடமும் கருவியும் வழங்க முன்வரும் அன்பர்கள் இதனை மனத்திற் கொள்வாராக. படிக்கட்டின் அயலில் ஒரு சாய்தளம், கையால் தடவி அறியத்தக்க ஒரு தேசப்படம், இரைச்சல் எட்டாத ஒரு வாசிப்பறை என்பன பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. வாயிலண்டை நின்று திரும்பிச் சென்ற சில பிள்ளைகளை அவை வகுப்பறைக்குட் கொண்டுவந்து சேர்க்கும்.