முதலில் சொப்பு, பிறகு சமையல்!

தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரத்தில் கடைந்த மரச் சொப்புகளை வைத்து உங்கள் வீட்டுக் குழந்தையும் விளையாடியிருக்கலாம். அடுப்பு இருக்கும், நெருப்பு இராது. பானை இருக்கும், சோறு இராது. ஆனாலும் குழந்தை அதில் 'சமைத்து', "பாட்டி, சாப்பிடு!" என்று நீட்டுகிறதே, அதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது!

கைப்பேசியில் செயலிகள் வைத்திருக்கிறோம் அல்லவா? பஸ் டிக்கெட் எடுக்க ஒன்று, பணம் அனுப்ப ஒன்று. அவற்றை அமைப்பவர்களும் முதலில் சொப்புத்தான் செய்கிறார்கள். மாதிரி வடிவம் என்று அதற்குப் பெயர். பொத்தானைத் தொட்டால் அடுத்த பக்கம் வரும். ஆனால் பின்னால் கணக்கும் கிடையாது, காசும் கிடையாது.

இந்தச் சொப்பைச் சீக்கிரம் செய்வதற்கு ஒரு வழி உண்டு. பொத்தான், பெயர் எழுதும் கட்டம், பட்டியல் இவற்றை ஒரு தடவை நன்றாகச் செய்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடங்களில் எடுத்துப் பொருத்துவதுதான். ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பெரிய கோலம் போட்டுவிடுகிறார்களே, அது போல!

முன்பு ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2015-ல் பேஸ்புக்கின் 'ரியாக்ட் நேட்டிவ்', 2018-ல் கூகிளின் 'ஃப்ளட்டர் 1.0' என்று கருவிகள் வரவர அந்தச் சிரமம் குறைந்தது.

இதெல்லாம் சீமைச் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள்! அம்பாசமுத்திரத்துக்கு வடக்கே, குற்றாலத்துச் சிற்றாறு ஓடிவரும் தென்காசிச் சீமையில், மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அந்த நிறுவனம் தென்காசியில் கால் ஊன்றியது 2011-ல். அதன் 'கிரியேட்டர்' 2006-லேயே வந்துவிட்டது. அதிகம் நிரல் எழுதத் தெரியாதவரும் ஆயத்தமான கட்டங்களை இழுத்து வைத்துச் செயலி அமைக்கலாம். ஒரு தடவை அமைத்ததைக் கணினியிலும் பார்க்கலாம், கைப்பேசியிலும் பார்க்கலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. முறுக்கு அச்சு கோணலானால் அத்தனை முறுக்கும் கோணல்தானே! 'ஓகே' என்ற சின்னச் சொல்லுக்கு அளவெடுத்துச் செய்த பொத்தானில் 'உறுதி செய்க' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். 'உறுதி செ' என்று பாதியில் நின்றுவிடும். அதுவும் ஒரு பக்கத்தில் அல்ல, அந்தப் பொத்தான் போன இடத்தில் எல்லாம்! பணம் போகும் இடத்தில் அப்படி நின்றால் படிப்பவர் என்ன செய்வார்? தொடவும் பயம், விடவும் பயம்.

சொப்பாக இருக்கும்போதே இதைக் கண்டுபிடித்தால் அச்சைத் திருத்திவிடலாம்; எல்லாப் பக்கமும் தானே திருந்தும். அடுப்பு மூட்டிச் சமையலும் நடந்த பிறகு என்றால் பாடு அதிகம்.

ஆகையால் வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு மாதிரிச் செயலியைக் காட்டினால், "பேஷ்!" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடாதீர்கள். எங்கே விரல் தயங்கியது, எந்தச் சொல் புரியவில்லை என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் பாட்டியிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சொப்புச் சோற்றை முதலில் ருசி பார்க்க வேண்டியவர் அவர்தானே!