புது அரிவாளை அப்படியே வேலைக்கு எடுக்காதீர்கள்: சோதிப்பதும் கூர் வைப்பதும் எப்படி?

வத்தலக்குண்டு பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கருந்தலைப்புழுத் தாக்குதலைப் பார்க்கப் போயிருந்தேன். தோப்புக்காரர் முழங்காலுக்குக் கீழே கட்டுடன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆறு தையல். "புது அருவா சார். மட்டையில ஓங்கிப் போட்டேன், வழுக்கிக்கிட்டு காலுக்கு வந்திருச்சு" என்றார். அந்த அரிவாளை வாங்கிப் பார்த்தேன். வாய் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. பிடியும் லேசாக ஆடியது. வாங்கி வந்த அன்றே ஒரு மணி நேரம் செலவழித்திருந்தால் அந்தத் தையலுக்கு வேலை இருந்திருக்காது.

புது அரிவாள் என்றால் கூராகத்தான் இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பட்டறையிலும் கடையிலும் கிடைப்பது பெரும்பாலும் முக்கால் வேலை முடிந்த அரிவாள்தான். கடைசிக் கூரை வைப்பது வாங்குகிறவரின் பொறுப்பு. மழுங்கிய வாய் மரத்தில் இறங்காமல் வழுக்கும். கூரான வாய் போட்ட இடத்தில் நிற்கும். அதனால் கூர் என்பது வேலை வேகத்துக்கு மட்டுமல்ல, உங்கள் கை காலுக்கும் பாதுகாப்பு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

திருப்பாச்சேத்தி அரிவாளாக இருந்தாலும் உள்ளூர்ப் பட்டறை அரிவாளாக இருந்தாலும் சோதனை ஒன்றுதான். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்ததா என்று கேளுங்கள். அந்த எஃகில் கரிச்சத்து போதுமான அளவு இருப்பதால் தோய்ச்சல் நன்றாகப் பிடிக்கும். சாதாரண இரும்புப் பட்டையில் அடித்தது எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

அரிவாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, முதுகுப் பக்கத்திலிருந்து நுனி வரை பாருங்கள். கோணல் இருந்தால் தெரிந்துவிடும். வாயில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் வாங்க வேண்டாம். அதைத் தீட்டிச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது பிடி. ஒரு கையில் பிடியையும் மறு கையில் சாக்கு சுற்றிய வாயையும் பிடித்து அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் கூட இருக்கக் கூடாது. காம்பு பிடிக்குள் ஆழமாக இறங்கி, பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். ஓங்கி வெட்டும்போது பிடி கழன்றால் அரிவாள் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

அரம் சொல்லும் உண்மை

வீட்டுக்கு வந்ததும் வாயில் உள்ள பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து எடுங்கள். பிறகு நல்ல அரம் ஒன்றை எடுத்து வாயில் மெதுவாக ஓரிரு முறை இழுங்கள்.

அரம் கண்ணாடி மேல் போவதுபோல வழுக்கினால் தோய்ச்சல் அதிகம். அது கணு மரத்தில் பட்டால் சில்லு பெயரும். அரம் ஆணியை அராவுவதுபோல எளிதாக இறங்கினால் தோய்ச்சல் குறைவு, வாய் மடங்கும். கொஞ்சம் எதிர்ப்புடன் அரம் பிடித்தால் பதம் சரி.

ஆனால் இங்கே அவசரப்பட வேண்டாம். உலையில் காயும்போது எஃகின் வெளிப்புறத்தில் உள்ள கரிச்சத்து எரிந்துபோகும். அதனால் புது அரிவாளின் முதல் வாய் கொஞ்சம் மென்மையாக இருக்கலாம். இரண்டு மூன்று முறை தீட்டிய பிறகும் வாய் மடங்கினால் மட்டும் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆசாரி மறுபடி தோய்ச்சல் போட்டுத் தருவார்.

கூர் வைக்கும் முறை

தேவையானவை: தட்டை அரம் ஒன்று, அரைவட்ட அரம் ஒன்று, ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைஸாகவும் உள்ள தீட்டுக்கல், கனமான கையுறை.

கோணம் முக்கியம். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. நோட்டுத் தாளின் மூலை 90 டிகிரி. அந்த மூலையைச் சரிபாதியாக மடித்தால் 45. இன்னொரு முறை மடித்தால் 22½ டிகிரி. மட்டை, கிளை வெட்டும் அரிவாளுக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ இந்தக் கோணம் போதும். இதைவிடச் சரிவாகத் தீட்டினால் சவரக்கத்திபோல வெட்டும், ஆனால் காய்ந்த மட்டையில் வாய் சிதைந்துவிடும். வாழைத்தார், வாழையிலை மட்டும் வெட்டும் கத்தியானால் கோணத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்.

1. அரிவாளை மரக்கட்டை மீது அசையாமல் இறுக்குங்கள்.

2. அரத்தை அந்தக் கோணத்தில் வைத்து, பிடிப் பக்கத்திலிருந்து நுனி வரை ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கி எடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரத்தின் பல் மழுங்கும். உள்வளைவுக்கு அரைவட்ட அரம்தான் சரி. தட்டை அரம் அங்கே எட்டாது.

3. சிறிது நேரத்தில் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். விரலை வாயின் குறுக்காக வெளிப்புறம் நகர்த்தினால் அது தட்டுப்படும். வாய் நெடுக விரலை ஓட்ட வேண்டாம். பிசிறு முழு நீளத்துக்கும் வந்த பிறகு அரிவாளைத் திருப்பி அடுத்த பக்கம் அராவுங்கள்.

4. பிறகு தீட்டுக்கல்லைத் தண்ணீரில் நனைத்து, முதலில் சொரசொரப்பான பக்கம், அடுத்து நைஸ் பக்கம் என்று அதே கோணத்தில் தீட்டுங்கள். பிசிறு போகும் வரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி லேசாகத் தீட்ட வேண்டும்.

5. வாயை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான வாய் மின்னாது.

கடைசியாக ஒரு பரீட்சை. காய்ந்த தென்னை மட்டையில் இருபது முப்பது வெட்டு வெட்டிவிட்டு வாயை மறுபடி பாருங்கள். மடங்கவும் இல்லை, சில்லும் பெயரவில்லை என்றால் அரிவாள் வேலைக்குத் தயார்.

கரண்டு சாணையில் கவனம்

நல்ல அரிவாள்கள் பல கெட்டுப்போவது கிரைண்டரில்தான். ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறதே என்று கொடுக்கிறோம். வாய் மெலிந்த இடம், சட்டென்று சூடேறும். அங்கே நீல நிறம் படர்ந்தால் சூடு 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போய்விட்டது என்று பொருள். தோய்ச்சலில் வந்த கடினம் அந்த இடத்தில் குறைந்துவிடும். அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடம் மட்டும் சீக்கிரம் மழுங்கும். பெரிய சில்லு பெயர்ந்து கிரைண்டர்தான் வழி என்றால், நொடிக்கு நொடி தண்ணீரில் நனைத்து, கை பொறுக்கும் சூட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அணியாமல் கிரைண்டர் பக்கம் போகாதீர்கள்.

பயிருக்கும் இதில் பங்கு உண்டு

முருங்கைக் கவாத்திலும் கொடிக்கால் அகத்தி வெட்டிலும் மழுங்கிய அரிவாள் பட்டையைக் கிழிக்கும். கிழிந்த காயம் ஆற நாளாகும்; அதற்குள் பூஞ்சணம் நுழையும். வாழையில் வாடல் நோய் கண்ட மரத்தை வெட்டிய அரிவாளை அடுத்த மரத்தில் அப்படியே வைக்காதீர்கள். ஒட்டியுள்ள மண்ணையும் சாற்றையும் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். நெருப்பில் வாட்டிச் சுத்தம் செய்கிறோம் என்று தோய்ச்சலைக் கெடுத்துவிட வேண்டாம்.

வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இலையும் காயும் வெட்டும் கருவிக்குப் பழைய என்ஜின் ஆயில் ஆகாது. பழைய ஹோஸ் குழாயை நீளவாக்கில் கீறி வாய்க்கு உறையாக மாட்டிவிடுங்கள். பைக்கிலோ பேருந்திலோ கொண்டு போகும்போது அதன் மேல் சாக்கும் சுற்றுங்கள். பட்டறையில் பெயர், முகவரி, எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

வெட்டுக்காயம் பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டி.டி. ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் வைத்துக் கட்டிவிட்டுத் தோப்புக்குத் திரும்ப வேண்டாம்.

அந்தத் தோப்புக்காரரின் அரிவாளுக்கு அன்று அங்கேயே உட்கார்ந்து கூர் வைத்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. பிடியை மட்டும் பட்டறையில் மாற்றச் சொன்னேன். உங்கள் வீட்டில் புதிதாக வாங்கி வைத்த அரிவாள் இருந்தால், நாளைக் காலை வேலைக்குப் போகும் முன் அதன் வாயை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள்.