உப்பில் உழைக்கும் நொதிகள்: தோல் பதனிடும் தொழிலுக்கு ஒரு புதிய துணை

தோல் பதனிடுதல் நம் ஃபிக்ஹு நூல்களில் தனியிடம் பெற்ற தொழிலாகும். முறைப்படி அறுக்கப்படாமல் இறந்த பிராணியின் தோல், பதனிடப்பட்டால் தூய்மை பெறும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் சில விலக்குகளோடு தரும் தீர்ப்பு. 'திபாகத்' எனப்படும் இச்செயலுக்கு ஷாஃபிஈ அறிஞர்கள் வகுத்த இலக்கணம் கூர்ந்து நோக்கத்தக்கது. தோலை அழுகச் செய்யும் கழிவுகளைக் காரமுள்ள பொருளால் அகற்றுவதே திபாகத். வெயிலில் உலர்த்துவது மட்டும் போதாது என்றனர் அவர்கள். அத்தகைய பொருள்களுள் கருவேலங்காயோடு புறாவின் எச்சத்தையும் குறித்து, எச்சம் நஜிஸ் என்பதால் தோலைப் பின்னர்க் கழுவ வேண்டும் என்றும் விதித்தனர்.

எச்சத்துக்கு இங்கே என்ன வேலை என்று இன்றைய வாசகர் வியக்கக்கூடும். மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழந்தொட்டிகளில் தோலை மென்மையாக்க இன்றும் புறா எச்சமே பயன்படுகிறது. ஐரோப்பியப் பதனிடுவோர் நாயின் மலத்தையும் பயன்படுத்தினர். இவற்றின் ஆற்றலுக்குக் காரணம், அவற்றிலுள்ள நொதிகள் (என்சைம்கள்) என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. நொதி என்பது உயிரணு உண்டாக்கும் புரதம். வேதிவினை ஒன்றை விரைவுபடுத்திவிட்டுத் தான் தேயாமல் எஞ்சுவது. புரதத்தைச் சிதைக்கும் நொதி, தோலின் வலிமைக்குரிய கொலாஜன் இழைகளைத் தொடாமல் அவற்றினிடையே உள்ள பிற புரதங்களைக் கரைத்து வெளியேற்றும்போது தோல் மென்மையடைகிறது.

1907இல் ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரில் ஓட்டோ ரோம் என்னும் வேதியியலறிஞர் தம் கூட்டாளியோடு ஒரு நிறுவனம் தொடங்கி, மலத்துக்கு மாற்றாகப் பிராணிகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைப் பதனிடுவோர்க்கு வழங்கினார். அருவருப்பு நீங்கிற்று. ஆனால் கணையம் மாட்டினுடையதாகவும் இருக்கலாம், பன்றியினுடையதாகவும் இருக்கலாம் என்பதால் முஸ்லிம்களுக்கு வேறொரு வினா எழுந்தது. பாக்டீரியாவை வளர்த்து நொதியைப் பெறும் முறை இவ்வினாவுக்குப் பெரிதும் விடை தருகிறது; வளர்க்கப் பயன்படும் ஊட்டப்பொருளைப் பற்றி மட்டும் விசாரித்துக்கொண்டால் போதும்.

இங்கேதான் உப்பு குறுக்கிடுகிறது. உரித்த தோல் அழுகாதிருக்க, அதன் எடையில் 40 முதல் 50 விழுக்காடு வரை உப்பிடுவது வழக்கம். தொழிற்கூடத்தில் அத்தோலை ஊறவைக்கும் முதல் தொட்டியே கடும் உவர்நீராகிவிடுகிறது. சாதாரண நொதிக்கு இது பகைச்சூழல். மிகுந்த உப்பு, புரதத்தைச் சூழ்ந்துள்ள நீர்ப்போர்வையைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதால் புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டு படிந்து, செயலிழக்கின்றன.

உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்களுக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு, சாக்கடலில் 34 விழுக்காட்டளவு. சாக்கடலில் எவ்வுயிரும் இல்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1936இல் பெஞ்சமின் வொல்கானி அங்கே நுண்ணுயிர்கள் வாழ்வதைக் கண்டறிந்து வெளியிட்டார். இத்தகையவற்றை இரு வகையாகப் பிரிப்பர். உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளர்பவை உப்பைத் தாங்குவன. உப்பின்றி வாழ மாட்டாதவை உப்பை நாடுவன. பின்னவற்றுள் கடுமையானவை பல, பாக்டீரியாவினின்று வேறான ஆர்க்கியா என்னும் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றின் நொதிகளுடைய மேற்பரப்பில் அஸ்பார்ட்டிக், குளுட்டாமிக் அமிலங்கள் மிகுந்துள்ளன. இவற்றின் எதிர்மின்னூட்டம் நீரையும் உப்பின் அயனிகளையும் இறுகப் பற்றி, நொதியைக் கரைந்த நிலையிலேயே வைக்கிறது. அதே மின்னூட்டங்கள் நன்னீரில் ஒன்றையொன்று விலக்குவதால் நொதி குலைந்துபோகும். பிறவற்றை அழிக்கும் உப்பே இதற்கு ஆதாரமாக அமைந்திருப்பது படைத்தவனின் நுண்திறனைச் சிந்திக்கச் செய்கிறது.

இவ்வுயிர்களின் பயன் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஜப்பானில் உப்பை நாடும் மைக்ரோகாக்கஸ் வகை ஒன்றின் நியூக்ளியேஸ் என்னும் நொதி, ஆர்என்ஏவைச் சிதைத்து உணவுக்குச் சுவையூட்டும் குவானிலிக் அமிலத்தைத் தயாரிக்கப் பயன்பட்டது. எகிப்தின் வாதி நத்ரூன் உவர் ஏரியிலிருந்து பெற்ற பாக்டீரியாவில் 1985இல் கண்டறியப்பட்ட எக்டோயின் நொதியன்று. உயிரணுவை உப்பினின்று காக்கும் சிறு மூலக்கூறு. இன்று ஹாலோமோனாஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டு, சருமப் பூச்சுகளில் சேர்க்கப்படுகிறது. உப்பில் இயங்கும் நொதிகள் பல, நீர் குறைந்த கரிமக் கரைப்பான்களிலும் இயங்குவதால் வேதித்தொழிலும் அவற்றை நாடுகிறது.

பதனிடுதலில் இவை இரு படிகளில் உதவக்கூடும். முதலாவது, ஊறவைத்தல்: உவர்நீரிலேயே புரதத்தையும் கொழுப்பையும் சிதைத்து, உலர்ந்த தோல் விரைவில் நீர் ஏற்கச் செய்யலாம். இரண்டாவது, மயிர் நீக்கல்: சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் செய்யும் வேலையின் ஒரு பகுதியை நொதி ஏற்கலாம். சல்ஃபைடு கலந்த கழிவு அமிலத்தோடு சேர்ந்தால் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, தொட்டியில் இறங்கும் தொழிலாளியின் உயிரைப் பறிக்க வல்லது. சல்ஃபைடு குறைவது அவருக்குப் பாதுகாப்பு. எனினும் எச்சரிக்கை வேண்டும். உப்பிட்ட தோலில் செந்நிறத் திட்டுகளைத் தோற்றுவித்து அதைக் கெடுப்பவையும் இந்த இனத்து நுண்ணுயிர்களே. கொலாஜனைத் தாக்காத நொதியைத் தேர்ந்து, அளவும் நேரமும் அறிந்து பயன்படுத்தாவிடில் தோலின் மேற்பரப்பு பாழாகும். அன்றியும், உவர்நீர் எஃகுக் கலன்களை அரிப்பதால் இந்நுண்ணுயிர்களை வளர்ப்பதில் செலவு மிகுதி.

இவையனைத்தினும் முதன்மையான உண்மை ஒன்றுண்டு. நொதி உப்பில் வேலை செய்யும், உப்பை அகற்றாது. பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் இத்தொழிலை வளர்த்ததில் தமிழ் முஸ்லிம்களின் பங்கு பெரிது. அதனால் விளைந்த கேட்டிலும் அவர்களுக்குப் பொறுப்புண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. 2025 ஜனவரி 30 அன்றும் அந்நீதிமன்றம் இப்பகுதி மக்களுக்கான இழப்பீட்டை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. கழிவின் கரிமப்பொருளைச் சுத்திகரிப்பது எளிது. கரைந்த உப்பைப் பிரிப்பது கடினம், செலவும் மிக்கது. ஆதலின் ஊறவைக்குமுன் தோலிலுள்ள உப்பை உதறி எடுத்தல், குளிரூட்டிக் காத்தல், உப்பிடும் அளவைக் குறைத்தல் ஆகியவற்றோடு சேரும்போதே நொதியின் பயன் முழுமை பெறும்.

அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 53ஆம் வசனம், இனிய நீருக்கும் உவர்நீருக்குமிடையே இறைவன் வைத்த தடுப்பைப் பற்றிப் பேசுகிறது. கிணற்று நீரை உவராக்கிவிட்டுத் தோலை மட்டும் தூய்மையாக்கினோம் என்று நிறைவு கொள்வது திபாகத்தின் நோக்கத்தோடு பொருந்தாது. தோலின் கழிவை அகற்றும் பொறுப்பு, அக்கழிவு சென்று சேரும் இடம்வரை நீள்கிறது.