பன்னிரண்டு ஆண்டுகள் ரயில் வராத பாதை

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் செல்லும் கிளை ரயில்பாதையின் நீளம் 90 கி.மீ. ஏலக்காய் முதலிய மலை விளைபொருள்கள் வந்து சேரும் போடிக்கு 1928இல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றுவிட்டனர். 1950களில்தான் மீண்டும் பாதை போடப்பட்டது. பத்தாம் வகுப்பில் உலகப் போர் பாடம் நடத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். போர் நம் ஊர்த் தண்டவாளத்தையும் கொண்டுபோனது என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

மீட்டர் பாதையை 1,676 மி.மீ. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் ரயில் நின்றது. 2022 மே மாதம் தேனி, 2023 ஜூனில் போடி எனப் பகுதி பகுதியாகத் திரும்பி வந்தது. தண்டவாளத்தைச் சற்றுத் தள்ளிப் போடுவதற்கு இத்தனை ஆண்டுகளா என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மண்கரையை அகலப்படுத்த வேண்டும், பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டும், ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையையும் வெட்ட வேண்டும்.

பராமரிப்பில் அறிவியல் பாடமே இருக்கிறது. 13 மீட்டர் எஃகுத் தண்டவாளம் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறத்தாழ 4.7 மி.மீ. நீளும். பழைய பாதையில் அதற்காக இணைப்புகளில் இடைவெளி விட்டிருந்தனர். 'தடக் தடக்' ஓசை அங்கிருந்துதான் வந்தது. இன்று தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக இணைக்கிறார்கள். விரிய முயலும் தண்டவாளத்தை ஸ்லீப்பர்களும் ஜல்லியும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஜல்லி மழைநீரையும் வடியவிடுகிறது, சுமையையும் பரப்புகிறது. அதை அள்ளி விளையாடுவதோ சரித்துவிடுவதோ சிறு குறும்பு அல்ல. நாள்தோறும் பாதையோரம் நடந்து கொண்டிகளைச் சரிபார்க்கும் கீமேனைப் பற்றி நம் பாடநூல்களில் நான் படித்த நினைவில்லை.

ரயில் இல்லாத அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்டவாளம் ஒரு நடைபாதை. ஆடு மேய்க்கும் இடம். பிரேக் போட்ட ரயில் நிற்கப் பல நூறு மீட்டர் தேவைப்படும் என்பதை அவர்கள் கண்டதில்லை. மின்மயமான பிறகு டீசல் இன்ஜினின் இரைச்சலும் இல்லை.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை என் வகுப்பில் படமாக வரையச் சொன்னேன். பலரின் கோடு, கேட் இல்லாத இடத்தில் பாதையைக் கடந்தது. அந்தப் படங்களைத்தான் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மேசைமேல் பரப்பி வைத்தேன்.